சும்மா உட்கார்ந்திருந்தவன்

இந்த நாற்காலி பரவாயில்லை. முதுகைச் சரியாகத் தாங்குகிறது. நாற்காலிகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. நான் பார்த்த இரண்டு வேலைகளும் உட்கார்ந்து பார்க்கிற வேலைகள். இரவில் ஒரு சரக்குக் கிடங்கின் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து, எதுவும் அசையாத திரைகளைப் பார்ப்பேன். காலையில் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில், ஜன்னலோர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, எதுவும் நடக்காததுபோல் இருப்பேன். இரண்டுக்கும் சம்பளம் கொடுத்தார்கள். சும்மா இருப்பதற்கு இரண்டு இடத்தில் சம்பளம் வாங்குகிறவன் உலகத்திலேயே இவன் ஒருவன்தான் என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

டீ வேண்டாம். கேட்டதற்கு நன்றி.

அக்கா எப்படி இறந்தாள் என்று கேட்டீர்கள். புகையில் மூச்சுத் திணறி இறந்தாள். அது உங்களுக்கும் தெரியும், ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. அதைக் கேட்க உங்களுக்கு எங்கள் தொழில் முறை கொஞ்சம் தெரிய வேண்டும். சொல்கிறேன். அவசரம் இல்லையே?

அதே துறையில் நானும் படித்தேன், இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டேன். வீட்டில் காரணம் கேட்டார்கள்; காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அதுதான் காரணம். முதல் ஆண்டில் படித்ததில் ஒரே ஒரு பாடம் மட்டும் மறக்கவில்லை. சோதனைகளில் முக்கியமாக மூன்று வகை. ஆய்வகச் சோதனையில் எல்லாம் ஆய்வாளர் கையில் இருக்கும்: அறை, வெளிச்சம், வாசனை, யார் எங்கே உட்காருவது என்பது வரை. களச் சோதனையில் ஆய்வாளர் மக்கள் இருக்கிற இடத்துக்குப் போவார். தெரு, கடை, பஸ் நிறுத்தம். அங்கே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிவிட்டு ஒதுங்கி நிற்பார். மூன்றாவது இயற்கைச் சோதனை. அதில் ஆய்வாளர் எதையும் தொடுவதில்லை. ஏதோ ஒன்று தானாக நடக்கும், வெள்ளம் வரும், ஆலை மூடப்படும். அவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். முதல் இரண்டிலும் ஒரு கை இருக்கிறது. மூன்றாவதில் கை இல்லை. இதை ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

அக்கா ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் சாப்பிடும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“டேய், உன் மூஞ்சில ஒண்ணுமே தெரியமாட்டேங்குதே. எப்பவும் இப்படித்தானா?”

“எப்படி?”

“சுவர் மாதிரி.”

“விடேன், அவன் சாப்பிடட்டும்,” என்றாள் அம்மா.

“திட்டலம்மா. எனக்கு இப்படி ஒரு ஆள்தான் வேணும்.”

இப்படித்தான் எனக்கு இரண்டாவது வேலை கிடைத்தது. எங்கள் தொழிலில் அதற்கு உள்ளாள் என்று பெயர். சோதனைக்கு வருகிறவர் தன்னைப்போலவே இன்னொருவரும் வந்திருக்கிறார் என்று நினைப்பார். அந்த இன்னொருவர் நம் ஆள். அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை, இரண்டு கேள்வித்தாள். பழைய பழக்கவழக்கங்களைப் பற்றி ஏதோ கேட்டிருக்கும், யாருக்கும் தேவையில்லாத கேள்விகள். இருவரும் எழுதிக்கொண்டிருக்கும்போது சுவரில் இருக்கிற காற்றுத் துளை வழியாகப் புகை வரும். மேடையில் ஆடுகிறவர்களுக்குப் போடுகிற புகைதான், எந்திரத்தில் தயாரிப்பது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது. லேசாக இனிப்பு வாசனை அடிக்கும்.

வந்தவர் புகையைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

அவ்வளவுதான் என் வேலை. அவர் ஏதாவது கேட்டால் நான் சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தை கொடுத்திருந்தாள். தோளைக் கொஞ்சம் தூக்கி, “தெரியலைங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்ப எழுத வேண்டும். அதற்கு மேல் ஒரு எழுத்துகூடப் பேசக் கூடாது. வாரக்கணக்கில் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். “இழுக்காத, தெரியலைங்க, அவ்வளவுதான். உனக்கு நிஜமாவே தெரியல. உனக்குக் கவலையும் இல்ல.” சமையலறையில் நின்றுகொண்டு அம்மா சிரிப்பாள், இதைச் சொல்ல ஒரு படிப்பா என்று.

நம்பமாட்டீர்கள், பெரும்பாலானவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருமிக்கொண்டு, கையால் புகையை விலக்கித் தாளைத் தேடி எழுதினார்கள். தனியாக இருந்தால் உடனே எழுந்து ஓடியிருப்பார்கள். நான் ஒருவன் சும்மா இருந்ததால் அவர்களும் சும்மா இருந்தார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பெரிய மீசை, கடைசிவரை உட்கார்ந்திருந்தார். முடிந்த பிறகு அக்கா வந்து எல்லாம் பொய் என்று விளக்கியபோது அவர் என்னைப் பார்த்து, “நீ பயப்படலையே, அப்புறம் நான் மட்டும் எப்படிப்பா எழுந்திரிக்கிறது,” என்றார். அவர் கோபமாகத்தான் சொன்னார். எனக்கு அது ஒரு பாராட்டுப் பத்திரம் மாதிரி இருந்தது. வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த முதல் காரியம் அது.

அந்த அறையில் ஒரு கண்ணாடி உண்டு, பாதிச் சுவர் அகலத்துக்கு. எங்கள் பக்கமிருந்து பார்த்தால் முகம் பார்க்கிற கண்ணாடி. அந்தப் பக்கம் ஒரு சின்ன இருட்டறை. அங்கே அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தி, மேசைமேல் இருக்கிற ஸ்பீக்கரில், “முடிஞ்சது, எழுந்திரிக்கலாம்,” என்பாள். அந்தச் சொல் வரும்வரை என்ன ஆனாலும் நான் எழுந்திருக்கக் கூடாது. வந்தவர் ஓடிப்போனாலும் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, அவர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தால் என்ன செய்வாய் என்றாள். நியாயம்தான்.

இன்னொரு விதியும் உண்டு. எல்லா நாளும் புகை விடமாட்டார்கள். புகை இல்லாத நாட்களும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. எந்த நாள் எது என்று அக்காவுக்கே முன்கூட்டித் தெரியக் கூடாது. தெரிந்தால் அவள் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். இதைக் கண்கட்டு முறை என்போம். ஆகவே கீழ்த்தளத்தில் எந்திரம் பார்க்கிற ஆள், எல்லோரும் அவரை மெஷின் அண்ணன் என்போம், காலையில் ஒரு சீட்டு எடுத்துப் பார்த்து அதன்படி செய்வார். அவர் அக்காவிடம் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை வராந்தாவில், “இன்னிக்கு லேசாப் போதும்ல மேடம்,” என்று ஏதோ சொல்லப் போக, அந்த நாள் பதிவு முழுவதையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, அவரை எல்லோர் முன்னாலும் நார் நாராகக் கிழித்துத் தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு அவளைப் பார்த்தால் அவர் வேறு மாடிப்படியில் இறங்கிப் போவார்.

புகை வந்தால் கட்டடத்து அபாய மணி அடிக்கும் அல்லவா? அதற்காக அந்த அறையிலும் பின்பக்க வராந்தாவிலும் கூரையில் இருக்கிற கருவிகளுக்கு பிளாஸ்டிக் மூடி போட்டு வைப்பாள். சோதனை தொடங்கும் முன் அவளே ஏணியில் ஏறி, அவள் கையாலேயே போடுவாள். யாரையும் நம்பமாட்டாள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு களச் சோதனை. பஸ் நிறுத்தத்தில் ஒரு நடிகர் மயங்கி விழுவார், நான் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். மற்றவர்கள் என்னைப் பார்ப்பார்கள். பிறகு தங்கள் செல்போனைப் பார்ப்பார்கள். அந்தப் பகுதி முடிந்த பிறகும் நான் தனியாகச் சில நாட்கள் அங்கே போய் உட்கார்ந்தேன். இரவு வேலை முடிந்தால் எனக்கு உடனே தூக்கம் வராது. ஒருநாள் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் சரிந்தார். எங்கள் ஆள் இல்லை என்பது அவர் விழுந்த விதத்திலேயே தெரிந்தது. நடிகர்கள் கையை ஊன்றி விழுவார்கள். நான் பக்கத்தைப் புரட்டினேன். நிறுத்தத்தில் நல்ல கூட்டம். யாரும் கிட்டே வரவில்லை. என் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அப்போது அவருக்கு மூச்சு இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நீங்களும் எதிர்பார்ப்பீர்கள்.

“எத்தன பேர் இருந்தாங்க?” என்று கேட்டாள்.

அவளைப் பற்றி நல்லவிதமாக எழுதப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களிடம் இந்த ஒரு கேள்வியைச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கிற விதம் மாறிற்று. ஒரு மாலை அடுப்பு வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. ஜன்னல் திரைக்குத் தாவிவிட்டது. நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். அம்மா கத்தினாள், அப்பா உள்ளேயிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார், அக்கா ஈரப் போர்வையை எடுத்துப் போட்டு அணைத்தாள். “கல்லு மாதிரி உக்காந்திருக்கான் பாரு, பெத்தவ வெந்து செத்தாலும் அசையமாட்டான்,” என்று அப்பா கத்தினார். அக்கா கையில் கரியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது. புதிதாக ஒரு பொருளைக் கடையில் கண்டுபிடித்தவர்களுக்கு வருகிற சந்தோஷம்.

அது என்ன பொருள் என்று பிறகு தெரிந்தது. ஒரு காலை, வந்தவர் போய்விட்டார், நான் வழக்கம்போல முடிந்தது என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அக்காவின் வழிகாட்டிப் பேராசிரியர் அன்று இருட்டறைக்கு வந்திருந்தார். அவள் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், அல்லது அவர் முழங்கை பட்டிருக்க வேண்டும். ஸ்பீக்கரில் பச்சை விளக்கு எரிந்தது. அவர்கள் பேசியது எல்லாம் கேட்டது.

“இந்த ஆள மாத்தலாமேம்மா. ரொம்ப நாளா இவனே இருக்கானே.”

“மாத்தக் கூடாது சார். நாம பாக்க வேண்டியது வர்றவங்கள இல்ல. இவனத்தான்.”

“இவனையா?”

“வர்றவங்களப் பத்தி ஏற்கெனவே எல்லாரும் எழுதிட்டாங்க. உள்ளாளா இருக்கிறவனுக்கு என்ன ஆகுதுன்னு யாரும் பாக்கல. ஆரம்பத்துல புகை வந்தா கண்ணு கொஞ்சம் துடிக்கும். இப்ப அதுவும் இல்ல. வீட்லகூடப் பாத்துட்டேன் சார். நிஜமாவே தீப்பிடிச்சாலும் இவனால எழுந்திரிக்க முடியாது.”

“உன் தம்பிதானே? அவன்கிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னா கெட்டுடும். தம்பியா இருக்கிறதுதான் வசதி. கேள்வி கேக்க மாட்டான்.”

பேராசிரியர் சிரித்தார். “பாவம்மா.”

“பாவம் என்ன சார், வேற எதுக்கும் ஆகாதவன். இதுக்காவது ஆகட்டுமே.”

பிறகு பச்சை விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. “முடிஞ்சது, எழுந்திரிக்கலாம்,” என்றாள், அதே குரலில். நான் எழுந்தேன்.

அன்று இரவு சாப்பிடும்போது எனக்குக் குழம்பு ஊற்றியபடி, “ஏன்டா ஒரு மாதிரி இருக்க?” என்றாள். தெரியலை என்றேன். சிரித்தாள். அவள் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு நன்றாக வருகிறது என்று நினைத்திருப்பாள்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். கோபத்தில் செய்ததாக எழுதினால் உங்களுக்கு வேலை சுலபம், தெரியும். அப்படி இல்லை. முறைப்படி அவள் செய்தது தவறு, அவ்வளவுதான். சோதனைக்கு உட்படுகிறவரிடம் கடைசியிலாவது உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த மீசை வாத்தியாருக்குச் சொன்னாள். கடைசியாக வந்த ரொட்டிக்கடைக்காரிக்கும் சொல்லத் தயாராக இருந்தாள். எனக்குச் சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. எனக்குக் கடைசி என்று ஒன்றை அவள் வைக்கவே இல்லை.

இனி அந்தக் காலை.

கிடங்கிலிருந்து நேராக வந்தேன். மாடிப்படியில் மெஷின் அண்ணன் எதிரே வந்தார், கையெல்லாம் பிசுபிசுப்பு.

“தம்பி, இன்னிக்குப் புகை கிடையாது. டேங்க் ஒழுகுது, மொத்தமாப் பிரிச்சுப் போட்டுட்டேன்.”

“சரிண்ணே.”

“உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு. நான் போய்ச் சொன்னா, சீட்டுல என்ன வந்துச்சுன்னு சொல்ல வந்துட்டியான்னு என்னைக் கடிச்சுத் துப்பிடும்.”

“சொல்லிடறேன்.”

சொல்லவில்லை. நீங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவளுக்குத் தெரியக் கூடாது என்பது அவளே போட்ட விதி. அந்த விதியை நான் காப்பாற்றினேன். இருட்டறைக்குள் போகும்போது அக்கா, “வந்துட்டியா, சாப்பிட்டியா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். ஏணியை மடக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு பின்பக்க வராந்தாவில் திறக்கும். வராந்தாவின் அந்த முனையில்தான் மின்சாரப் பெட்டி. எங்கள் அறைக்குக் கதவு முன்பக்கம், வெளி வாசலுக்குப் பக்கத்தில். யார் இப்படிக் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்கு நான் பொறுப்பில்லை. மின்சாரப் பெட்டி எரிந்ததற்கும் நான் பொறுப்பில்லை. நீங்கள் நன்றாக விசாரித்துப் பாருங்கள். அதில் என் கை இல்லை.

அன்று வந்தவள் ஒரு ரொட்டிக்கடைக்காரி. நடு வயது, பருத்த கைகள், முழங்கை மடிப்பில் மாவு. வந்தவுடனே பேச ஆரம்பித்துவிட்டாள். இந்தக் கேள்விக்கெல்லாம் சரி தப்பு உண்டா தம்பி, எனக்கு எழுத்து கோணல்மாணலா வரும், கடைல பையன விட்டுட்டு வந்திருக்கேன், பாதி ரொட்டி கருக விட்டிருப்பான். நான் எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் காற்றுத் துளையிலிருந்து புகை வந்தது.

மெல்லிய கோடாக வந்தது, எந்திரப் புகை மாதிரி குபுகுபுவென்று வரவில்லை. நிறம் கொஞ்சம் மஞ்சள். இனிப்பு வாசனை இல்லை. பிளாஸ்டிக் உருகுகிற வாசனை, தொண்டையின் அடியில் போய் உட்காருகிற வாசனை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த அறையில் என்னைவிட அதிகமாகப் புகையைச் சுவாசித்தவர்கள் யாரும் இல்லை.

அவளுக்கும் தெரிந்தது. தலையைத் தூக்கி மோந்தபடி எழுந்தாள்.

“தம்பி, ஏதோ கருகுது.”

“தெரியலைங்க.”

“என்ன தெரியலைங்க? மூக்கு அடைச்சிருக்கா? இது வயர் கருகுற நாத்தம்ப்பா.”

நான் எழுதினேன். அவள் என்னைப் பார்த்தாள், துளையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். ஒரு வரி எழுதினாள். இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பினேன். அடுப்படியிலேயே ஆயுளைக் கழித்தவள், மூக்கையே முதலாக வைத்துப் பிழைப்பவள், அவளும் உட்கார்ந்தாள். என் முகம் அவ்வளவு நல்ல முகம்.

ஆனால் கண்ணாடியைப் பற்றித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள். புகை வருகிறது, சரி, இன்றைக்குப் புகை நாள் என்று நினைத்திருப்பாள். சந்தேகம் வந்திருந்தால் என்னைப் பார்த்திருப்பாள். மற்ற எல்லோரும் செய்ததைத்தான் அவளும் செய்திருப்பாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வாசனை அந்தப் பக்கம் போகாதா என்று கேட்கலாம். போயிருக்கும், தாமதமாக. அந்த அறைக்கு இடுக்கில்லாத கதவு, சத்தம் உள்ளே வரக் கூடாது என்பதற்காக. அதுவும் அவள் போடச் சொன்னதுதான்.

கடைசியில் ரொட்டிக்காரி பேனாவை விட்டெறிந்துவிட்டு எழுந்தாள். “உனக்கு மண்டைக்குக் கோளாறாப்பா? வா வெளிய,” என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடினாள். பதிவு செய்வதற்கு அருமையான நடத்தை. அக்கா அதை ரசித்திருப்பாள். வந்தவள் ஓடிய பிறகு அக்கா வெளியே வந்திருக்க வேண்டும், முன்பெல்லாம் வருவாள். இப்போது வரமாட்டாள். இப்போது அவள் பார்க்க வேண்டிய ஆள் நாற்காலியிலேயேதான் இருந்தான்.

நான் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லமாட்டேன், அளக்கவில்லை. அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது நிச்சயம். நான் ஒரு விரலைத் தூக்கியிருந்தால் போதும். தலையைக் கதவுப் பக்கம் திருப்பியிருந்தால் போதும். அவள் எழுந்து போயிருப்பாள், வராந்தாவில் அப்போது நடக்கிற அளவுக்கு இடம் இருந்தது என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள்.

பிறகு மின்சாரம் போயிற்று. கூரை விளக்கு அணைந்தது; ஸ்பீக்கரும் இனி வேலை செய்யாது. எங்கள் பக்கம் ஜன்னல் வெளிச்சம் இருந்ததால் கண்ணாடி அப்போதும் கண்ணாடியாகவே இருந்தது. அவளுக்கு அப்போது புரிந்திருக்கும். கதவைத் திறந்திருப்பாள், வராந்தாவைப் பார்த்திருப்பாள், சாத்தியிருப்பாள். இது ஊகம். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்: கண்ணாடியில் என் முகம் அதிர்ந்தது.

முதலில் லேசாக. பிறகு நன்றாகவே. நான் அசையாமல் இருக்கிறேன், என் முகம் மட்டும் குலுங்குகிறது. சத்தம் குறைவு, தடித்த கண்ணாடி. தலையணையை அடித்துத் தூசி தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நடுவில் ஒன்று கனமாக விழுந்தது, நாற்காலியாக இருக்கலாம். நாற்காலிகள் அங்கே லேசானவை.

ரொட்டிக்காரி திரும்பி வந்தாள். அவளை நான் எதிர்பார்க்கவில்லை. முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு உள்ளே வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“டேய், எழுந்திரிடா. செத்துப்போவடா.”

நான் வரவில்லை. அவளுக்கு நல்ல பலம், ஆனால் மேசைக் காலில் நான் காலைக் கோத்திருந்தேன். அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள்.

“கண்ணாடி ஆடுதே. அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களா?”

என்னைப் பார்த்துக் கேட்டாள். முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள். அவள் காலடியில் ஒரு இரும்பு ஸ்டூல் இருந்தது, கதவுக்கு முட்டுக் கொடுக்க வாசலிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். அந்தக் கைகளால் அதை ஒரு வீச்சு வீசியிருந்தால் எந்தக் கண்ணாடியும் நின்றிருக்காது.

“சொல்லுடா. யாராவது இருக்காங்களா?”

தோளைக் கொஞ்சம் தூக்கினேன்.

“தெரியலைங்க,” என்றேன்.

அவள் நம்பினாள். நெருப்பு வந்தால் கண்ணாடி ஆடும்போலிருக்கிறது என்று நினைத்திருக்கலாம். ஸ்டூலைக் கதவில் முட்டுக் கொடுத்துவிட்டு ஆள் கூட்டிவர ஓடினாள். அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். பக்கத்து அறையில் அழுதுகொண்டிருப்பது அவள்தானே? குரல் கேட்கிறது. அவளிடம் யாராவது உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டும். அது முறை.

அதிர்வு கொஞ்ச நேரத்தில் நின்றது. என் முகம் மறுபடி நேராயிற்று.

இதுதான் என் வாக்குமூலம். களத்தில் நடக்கவில்லை, யாரும் எதையும் ஏற்பாடு செய்யவில்லை, தானாக நடந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முறைப்படி அது இயற்கைச் சோதனை. ஆனால் நான் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளியப் போவதில்லை. நான் அவளைக் கொன்றேன். மெஷின் அண்ணன் சொன்னதை மறைத்தேன், விரலைத் தூக்கவில்லை, அந்தப் பெண்மணியிடம் பொய் சொன்னேன். தெரிந்து, யோசித்து, விரும்பிச் செய்தேன்.

நேற்று வந்த அரசாங்க டாக்டர் வேறு மாதிரி எழுதப் பார்க்கிறார். தோளில் கை வைத்து, “உன்னால முடியல, அதான். உன்னைப் பழக்கி வெச்சிருக்காங்க. உன் தப்பு இல்ல,” என்றார். நல்ல மனிதர். அக்காவின் பேராசிரியரும் அதையே சொல்லி, அவள் எழுதியதையெல்லாம் அவரிடம் கொடுத்திருக்கிறார்போல. அந்தப் பேச்சை வைத்துக்கொண்டால் எனக்குத் தண்டனை குறையும் என்று வக்கீல் சொல்கிறார். தயவுசெய்து அதை எழுதாதீர்கள். இவனால் எழுந்திருக்க முடியாது என்றாள் அவள். அது பொய். என்னால் முடியும். எந்த நிமிடமும் எழுந்திருக்க முடிந்தது. எழுந்திருக்கவில்லை. எனக்கு எத்தனை வருஷம் கொடுத்தாலும் சரி, அவள் சொன்னது தப்பு என்பது அதில் இருக்க வேண்டும்.

தீயணைப்பு ஆட்கள் என்னை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கினார்கள் என்பது உண்மைதான். மேசைக் காலிலிருந்து என் காலைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது என்பதும் உண்மை. புகை அவ்வளவு இருந்தும் நான் ஏன் அங்கேயே இருந்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். அவளைக் கொல்வதுதான் நோக்கம் என்றால், கண்ணாடி ஆடுவது நின்ற பிறகு எழுந்து போயிருக்கலாமே என்றீர்கள். நல்ல கேள்வி. போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது.

சரி. எழுதியாயிற்றா? கையெழுத்து வெளி மேசையில் போட வேண்டுமா? சொன்னீர்கள், கேட்டது. முதலிலும் ஒருமுறை சொன்னீர்கள், வாங்க போகலாம் என்று. கான்ஸ்டபிள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரிகிறது. உங்களைக் காக்க வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் வரத் தயாராகத்தான் இருக்கிறேன். யாராவது ஒருவர் முடிந்தது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.